பனிக்கால வெடிப்புக்கு வாஸ்லின் போடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்து இது இரண்டாவது பனிக்காலம். டிசம்பர் பிறந்தால் கை, கால், முகமெல்லாம் வெள்ளை பூத்துப் போகிறது, உதடு வெடிக்கிறது. அத்தை கொழுந்து பறிக்கப் போகிறவர். அவருக்குச் சர்க்கரை உண்டு. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் நீலகிரித் தைலம் கலந்து தேய்த்துக்கொள்கிறார். எட்டு மாதக் குழந்தைக்குக் கன்னம் சிவந்து சொரசொரவென்று இருக்கிறது. இதுவரை எல்லோரும் வாஸ்லின்தான் போட்டு வந்தோம். அது பெட்ரோலில் இருந்து எடுப்பது, தோலை மூச்சு விட விடாது, புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, நாத்தனார் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார். இன்னொரு சந்தேகம்: இங்கே காலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வருகிறது, துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அப்படியிருக்கத் தோல் மட்டும் எப்படிக் காய்கிறது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: தோல் நோய் மருத்துவர், உதகை

அன்புள்ள சகோதரிக்கு,

வாஸ்லினைத் தூக்கிப் போட வேண்டாம். இந்தக் குளிருக்கு உங்கள் வீட்டில் இருக்கிற மருந்துகளிலேயே விலை குறைந்ததும் பலன் கூடியதும் அதுதான். ஆனால் அதை எந்த நேரத்தில், எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் போட்டால் டப்பா டப்பாவாகத் தீர்ந்தாலும் வெடிப்பு ஆறாது.

கடைசியாகக் கேட்ட சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மிக நல்ல கேள்வி அது. பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 5 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 7 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளதுதான் பனித்துளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதே காற்று 30 டிகிரிக்குச் சூடானால் 30 கிராம் வரை கேட்கும். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. மூட்டமாக வந்த காற்று உடம்பை ஒட்டியதும் சூடாகி, மீதி 23 கிராமுக்குத் தோலிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. துணிக்கு அந்தச் சூடு இல்லை, அதனால் அது கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. அடுப்போ ஹீட்டரோ போட்டு அறையைச் சூடாக்கினால் தோல் இன்னும் வேகமாகக் காயும். உறைபனி விழும் நாட்களில் வானம் பளிச்சென்று இருக்கும். அன்று மதியம் காற்றே உண்மையில் வறண்டுவிடுகிறது.

நமக்கு வியர்க்காத நேரத்திலும் தோல் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி வரை இப்படிப் போகும். அதற்கு மேல் போகாமல் தடுப்பது தோலின் ஆக மேலடுக்கு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். செத்துத் தட்டையாகிப் போன செல்கள் பதினைந்து, இருபது வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றின் இடைவெளிகளில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று கொழுப்புப் பூச்சு இருக்கும். செல்களுக்குள் யூரியா, லாக்டிக் அமிலம் போன்ற ஈரம் பிடிக்கும் பொருட்கள் உண்டு. இந்த அடுக்கில் நீரின் அளவு பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளைந்து கொடுக்காது. வெள்ளை பூக்கும், இழுக்கும், கடைசியில் வெடிக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. எல்லோருக்கும் அங்கேயே முதலில் வெடிப்பதற்கு அது ஒரு காரணம்.

சரி, வாஸ்லின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, என்ன செய்கிறது? அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது தோலுக்கு ஈரம் கொடுப்பதே இல்லை. இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. நன்றாகப் பூசிய ஜெல்லிப் படலம் தோல் வழியாகப் போகும் நீரில் 98 சதவீதம் வரை தடுக்கும் என்று எங்கள் பாடநூல்களில் படிக்கிறோம். மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. பாரஃபின் எண்ணெய், அதாவது மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று விற்பது, இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடையில் வாங்கும் பேபி ஆயிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின் என்றுதான் இருக்கும். அதோடு வாசனை சேர்த்திருப்பார்கள். எண்ணெயாக இருப்பதால் தடவ எளிது, மூடும் பலம் ஜெல்லியை விடக் குறைவு.

தோல் மூச்சு விடாது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நாம் மூச்சு விடுவது நுரையீரலால். மேலே மூடி வைத்தால் தோல் தன்னைச் சரிசெய்துகொள்வதை மறந்துவிடுமோ என்று மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 1992-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் தீர்த்து வைத்தது. ஜெல்லி மேலே மட்டும் உட்காராமல் அந்த மேலடுக்கின் இடைவெளிகளுக்குள்ளும் இறங்கி நிற்கிறது, அது இருக்கும்போதே அடியில் கொழுப்புப் பூச்சு மறுபடி உருவாகிறது என்று அதில் கண்டார்கள். மேலடுக்கைத் தாண்டி உடம்புக்குள் அது போவதில்லை.

காலிப் பானைக்கு எவ்வளவு இறுக்கமாக மூடி போட்டாலும் உள்ளே தண்ணீர் ஊறாது. காய்ந்து இழுத்த தோலில் ஜெல்லி போடுவதும் அப்படித்தான். குளித்ததும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், போட்டுவிடுங்கள். என்னிடம் வந்து "எதுவும் கேட்கவில்லை டாக்டர்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் மருந்தை மாற்றுவதில்லை, நேரத்தைத்தான் மாற்றுகிறேன். இங்கே குளிரில் ஜெல்லி டப்பாவுக்குள் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். விரல் நுனியளவு எடுத்து இரண்டு கைக்கும் நடுவே தேய்த்தால் இளகிவிடும். மெலிதாகப் போதும். பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் முதலில் கிளிசரின் உள்ள லோஷன் ஒன்றைப் போட்டு, அதன்மேல் கொஞ்சமாக ஜெல்லி தடவலாம். கிளிசரின் ஈரத்தைப் பிடிக்கும், ஜெல்லி அதைக் காக்கும். இங்கத்துக் காய்ந்த காற்றில் கிளிசரினை மட்டும் அப்படியே பூசினால், மேலே ஈரம் கிடைக்காமல் தோலின் அடியிலிருந்தே அது இழுக்கப் பார்க்கும். அதனால்தான் மேலே மூடச் சொல்கிறேன்.

அப்புறம் வெந்நீர். மலையில் யாரிடம் இதைச் சொன்னாலும் முகம் சுருங்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பாய்லரில் கொதிக்கக் கொதிக்க எடுத்து ஆவி பறக்கக் குளிப்பதுதான் இங்கே முதல் குற்றவாளி. அந்தச் சூடு செல்களுக்கு நடுவே உள்ள கொழுப்பை இளக்கி எடுத்துவிடுகிறது. மேலே சோப்பும் போட்டால் மிச்சமும் போய்விடும். அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பி.எச். அளவு தோலுக்கு இயல்பாக ஏறக்குறைய 5, வழக்கமான சோப்புக்கு 9, 10. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம், சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். பனிக்காலம் முடியும் வரை கடலை மாவையும் ஒதுக்கி வையுங்கள்; அது எண்ணெய்ப் பசையை உறிஞ்சும். இதைச் செய்யாமல் எந்தக் கிரீம் வாங்கினாலும் காசுதான் வீண்.

இனி உங்கள் நாத்தனாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் ஆதாரமே இல்லாமல் பயப்படவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதல் எண்ணெய்க் கிணறுகள் தோண்டிய காலத்தில், இறைக்கும் கம்பிகளில் ஒரு கருப்பு மெழுகு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் அதையே பூசிக்கொண்டார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் அதைப் பார்த்துவிட்டு எடுத்துப்போய்ச் சுத்திகரித்து, 1872-ல் வாஸ்லின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். பூமிக்கடியில் இருந்து வந்தது என்பது உண்மைதான்.

கச்சா எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் சில பொருட்கள் இருப்பதும் உண்மை. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் இயந்திரத்துக்குப் போட்ட சுத்திகரிக்காத மினரல் ஆயில் வருடக்கணக்கில் துணியிலும் தோலிலும் ஊறி, நூற்பாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இன்றும் சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதே அமைப்பு, முழுமையாகச் சுத்திகரித்ததை அந்தப் பிரிவில் சேர்க்கவில்லை. மருந்துக்கும் முகப்பூச்சுக்கும் வருவது இரண்டாவது வகை. ஆகவே கவனிக்க வேண்டியது தரம். லேபிளில் ஐ.பி. என்று இருக்கிறதா பாருங்கள், அது இந்திய மருந்தியல் நூலின் தரம். சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் எடை போட்டு விற்கும் மஞ்சள் கிரீஸை வாங்கவே கூடாது.

தோலுக்கு ஒத்துக்கொள்வதைப் பொறுத்தவரை இதை விட நல்ல சான்று என்னால் தர முடியாது: ஒருவருக்கு எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுச் சோதனை செய்வோம். அதில் சந்தேகப்படும் பொருட்களில் பலவற்றைக் குழைத்து வைப்பதே வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியில்தான். அதுவே ஒவ்வாமை தருவது அவ்வளவு அபூர்வம். பூவின் பெயரும் பழத்தின் பெயரும் போட்டு வரும் "இயற்கை" கிரீம்களில் உள்ள வாசனைப் பொருட்களால் அரிப்பெடுத்து வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அதற்காகத் தேங்காய் எண்ணெயைக் குறைத்துப் பேசமாட்டேன். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு 2004-ல் பிலிப்பைன்ஸில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டும் சமமாகப் பலன் தந்தன. 2014-ல் அதே நாட்டில் கரப்பான் என்னும் அரிப்புத் தோல் நோய் உள்ள 117 குழந்தைகளிடம் பார்த்தபோது தேங்காய் எண்ணெய் கூடுதலாகவே கை கொடுத்தது. உங்களுக்குப் பழக்கமானது அதுதான் என்றால் தாராளமாகப் போடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது மலையில் ஒரு தொல்லை. முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். மினரல் ஆயில் பருவை உண்டாக்கும் என்ற பேச்சு எழுபதுகளில் முயல் காதில் செய்த சோதனைகளில் தொடங்கியது. மனிதத் தோலில், முகப்பூச்சுத் தரமுள்ள எண்ணெயில், அது உறுதியாகவில்லை. ஆழமாக வெடித்த இடத்துக்கு மட்டும், இரண்டில் எது என்று கேட்டால், ஜெல்லிதான் என்பேன்.

நீலகிரித் தைலத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நம் மலையின் பெயரைத் தாங்கியது என்பதால் எல்லா நோவுக்கும் அதையே எடுக்கிறோம். வெடித்த தோலில் அது எரிச்சலூட்டி, ஆறுவதைத் தள்ளிப்போடும். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரக்கூடும். சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவவும் வேண்டாம்.

குழந்தையின் கன்னத்துக்கு வருகிறேன். எச்சில் ஒழுகும் வயது. எச்சிலும் பாலும் கன்னத்தில் பட்டுக் காயும்போது தோலைப் புண்ணாக்குகிறது, அதன்மேல் குளிர்காற்றும் அடிக்கிறது. பால் கொடுப்பதற்கு முன்னும் வெளியே தூக்கிப் போவதற்கு முன்னும் கன்னத்திலும் மோவாயிலும் மெல்லிய பூச்சாக ஜெல்லி தடவுங்கள், வாசனை எதுவும் இல்லாததாக. கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு போன்ற ஈரம் தேங்கும் இடங்களில் கனமாகப் போட வேண்டாம். ராத்திரி தூங்காமல் சொறிந்துகொண்டே இருந்தால், சிவப்பு கன்னத்தோடு நிற்காமல் கை கால்களுக்கும் பரவினால், அல்லது நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினால் அது வெறும் வறட்சி இல்லை. குழந்தையை நேரில் காட்டுங்கள்.

உங்கள் முகத்துக்கு ஒரு வார்த்தை. ஜெல்லி வெயிலுக்குக் காப்பு ஆகாது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு நீங்கள் ஏறியிருப்பது அதற்கும் மேல். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை, அதனாலேயே இங்கே மங்கு நிறையப் பேருக்கு வருகிறது. பகலில் சாதாரண மாய்ஸ்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன். ராத்திரிக்கு உதட்டுக்கும் கண்ணைச் சுற்றியும் ஜெல்லி.

அத்தையின் காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு வெடிப்பு என்பது கிருமி நுழையும் வாசல். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலி தெரியாமலே உள்ளே சீழ் பிடித்துவிடும். பிளேடாலோ கத்தியாலோ சீவுவதை நிறுத்துங்கள், கல்லில் தேய்ப்பதையும்தான். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு நீங்கள் கையை விட்டுப் பார்த்த வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, குதிகால் ஈரப்பதமாக இருக்கும்போதே 10 சதவீத யூரியா கிரீம் போட்டு, அதன்மேல் ஜெல்லியை அழுத்தித் தடவி, பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுங்கள். யூரியா தடித்த தோலை இளக்கி ஈரத்தைப் பிடிக்கும். வெடிப்பு திறந்து ரத்தம் கசிகிற இடத்தில் யூரியா எரியும், அங்கே ஜெல்லி மட்டும். விரலிடுக்கில் எதுவும் பூசக் கூடாது. அங்கே ஈரத்தை மூடி வைத்தால் சேற்றுப்புண் வரும். காலையில் தோட்டத்துக்குப் போகும்போது கையில் ஜெல்லி போட்டால் கத்திரி வழுக்கும், கொழுந்திலும் பிசுக்கு ஏறும். அதனால் கைக்கும் ராத்திரிதான். பகலில் கையுறை போடுவது பழகிவிட்டால் இலைக்கறையும் வெடிப்பும் இரண்டுமே குறையும். ரப்பர் கையுறை என்றால் உள்ளே ஜெல்லி பூசிக்கொண்டு மாட்ட வேண்டாம், ரப்பரை அது நைந்துபோகச் செய்யும்.

விறகு அடுப்பும் நெருப்புச் சட்டியும் இல்லாத வீடு இங்கே குறைவு என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜெல்லியோ பாரஃபின் கிரீமோ நாள்பட ஊறிய சாக்ஸ், போர்வை, சேலை நெருப்புப் பட்டால் சாதாரணத் துணியை விடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் முழுவதும் போகாது. பிரிட்டனில் இப்படி நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு 2018-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கையை விரிவாக்கியது. பூசிக்கொண்டு அடுப்படியில் குளிர்காய வேண்டாம். அந்த சாக்ஸையும் தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள்.

குளிரில் மூக்கு காய்கிறது என்று உள்ளே ஜெல்லி பூசும் பழக்கம் இருந்தால், நுழைவாயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் ஆழமாகப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியாவைக் கொண்டுவரலாம். குழந்தைக்கு மூக்கில் போடவே வேண்டாம்.

அத்தையை இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை அளவோடு பாதத்தின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, சூடாக இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். அதுவரை தினமும் படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். குனிந்து தன் குதிகாலைப் பார்ப்பது அவருக்குச் சிரமம்.